பட்டைக் கம்பி

துவாலா, தெய்தோ
3 பிப்ரவரி 1985

அன்பு எனங்காவுக்கு,

உன் லோபே எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உன் அம்மாவும் சுகம். போன வாரம் அவருக்கு வந்த காய்ச்சல், என்னைத் திட்ட ஆரம்பித்ததும் தானாகவே இறங்கிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ வேலை செய்யும் அந்த முதியோர் இல்லத்தில் இன்னும் உன்னை மாடிப்படி ஏற வைக்கிறார்களா? அதையெல்லாம் எழுது. போன கடிதத்தில் பாதிப் பக்கம் மழையைப் பற்றி எழுதியிருந்தாய். துவாலாக்காரனுக்கு மழையைப் பற்றிப் பாரிசிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. திபோகோ தன் இசைக் குழுவைக் கூட்டிக்கொண்டு ஜூலையில் பாரிசுக்குப் போகிறார். இரண்டு கச்சேரி. இரண்டும் நீ இருக்கும் மோந்த்ரே பக்கம்தான். பேஸ் கிட்டாருக்கு ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர் நிற்கிறோம், நானும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் ஒருவனும். ஏப்ரல் கடைசியில் இருவரையும் வாசிக்கவிட்டுப் பார்த்து முடிவு செய்வாராம்.

இத்தனை வருடமாக உங்களோடு வாசிக்கிறேனே, எனக்கென்ன சோதனை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லோபே, நீ வாசிக்கிறதுல ஒரு குத்தமும் இல்லப்பா. உன் சத்தந்தான் கெழடு தட்டிப்போச்சு. தலகாணியக் குத்துற மாதிரி இருக்கு. பாரிசுல இப்ப பேஸ்னா கண்ணாடி மாதிரி மின்னணும். அந்தக் கம்பிய மாத்து. மொதல்ல அந்தப் பஞ்சப் புடுங்கி எறி."

எந்தப் பஞ்சு என்று உனக்குத் தெரியும். சத்தம் இழுத்துக்கொண்டே போகாமல் இருக்க, நம் மெத்தையின் மூலையில் வெட்டி எடுத்துக் கம்பிகளுக்கு அடியில் செருகினேனே, அதே பஞ்சுதான். நீ மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாய்.

அதனால் நீ எனக்கு ஒரு செட் கம்பி வாங்கி அனுப்ப வேண்டும். சொரசொரக் கம்பி. நகத்தை ஓட்டினால் 'ஸ்ர்ர்' என்று பேசுமே, அது. பட்டைக் கம்பி வேண்டாம். அது வழவழவென்று இருக்கும், நகத்துக்கு ஊமை, வாசித்தால் 'தும் தும்' என்று அமுங்கிப் போகும். இதை உனக்கே விளக்குவது கேலிக்கூத்துதான். என் செத்துப்போன கம்பிகளை உன் ந்தோலேக் கீரைச் சட்டியில் வினிகர் விட்டுக் கொதிக்கவைத்து எத்தனை தடவை எழுப்பியிருக்கிறாய்! இருந்தாலும் கடைக்காரனிடம் சொல்ல உதவும் என்று எழுதினேன். இங்கே கடையில் கிடைப்பவை உறைக்குள்ளேயே துருப்பிடித்துக் கிடக்கின்றன.

உன் குடியிருப்புக் காகிதம் கைக்கு வரும்வரை நீ பிரான்சை விட்டு வெளியே வர முடியாது என்கிறாய். வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்கிறாய். சரி, நீ அங்கேயே இரு. நான் வருகிறேன். ஒன்றரை வருடம் ஆயிற்று, எனங்கா. உன் குரலே மறந்துவிடுமோ என்று சில நாள் பயமாக இருக்கிறது.

கம்பியை மறக்காதே.

உன் லோபே


மோந்த்ரே
20 பிப்ரவரி 1985

அன்புள்ள லோபே,

உன் கடிதம் வந்தது. நீயும் அம்மாவும் நலம் என்று அறிந்து நிம்மதி. என் முழங்கால் பரவாயில்லை. குளிர் நாளில் மட்டும் முனகுகிறது. படி ஏறத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் மூன்றாம் மாடியில் ஒரு பாட்டியம்மா எனக்காக தினமும் ஒரு சாக்லேட் ஒளித்து வைத்திருக்கிறார். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று என்னை வாய்க்கு வந்த பெயரில் கூப்பிடுகிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

பாரிஸ் செய்தி படித்தேன். சந்தோஷம். கம்பி வாங்கக் கடைக்குப் போக வேண்டும், அதற்கு லீவு கிடைக்க வேண்டும், பார்க்கிறேன்.

போன ஞாயிறு சந்தையில் நம் தெய்தோ எயுமைப் பார்த்தேன். உன்னை விசாரித்தான். நன்றாக இருக்கிறானாம். அவசரத்தில் இருந்தான், அதிகம் பேசவில்லை.

நீ வாசித்து ஒரு கேசட் அனுப்பு. மேடையில் வாசிப்பது வேண்டாம். வீட்டில், நான் சமையலறையில் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பாயே, அது வேண்டும். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாள் முழுக்க இருமுகிறார்கள்.

கூரை இன்னும் ஒழுகுகிறதா? மழைக்கு முன் பார்.

எனங்கா


துவாலா
8 மார்ச் 1985

என் எனங்காவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். கூரையும் நலம், அதாவது ஒழுகுகிறது.

கேசட் இத்தோடு வருகிறது. ஆனால் நீ கேட்டதை வாசிக்கவில்லை, அதைவிட நல்லதை வாசித்திருக்கிறேன்! திபோகோ தன்னிடமிருந்த கிட்டாரை ஞாயிறு மட்டும் தந்தார். அதில் சொரசொரக் கம்பி போட்டிருந்தது. கூடவே கோரஸ் பெடல் என்று ஒரு நீலப் பெட்டி, சோப்புக் கட்டி அளவுதான். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதை மாட்டிக் காலால் அழுத்தினால், ஒரு சத்தம் இரண்டாகிறது. இரண்டாவது சத்தம் முதலாவதை விட்டு ஒரு மயிரிழை தள்ளி, லேசாக ஆடிக்கொண்டே கூட வரும். ஒருவனே வாசித்தாலும் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் வாசித்தேன். தனியாக இருக்கும் வீட்டில் அது ரொம்ப நன்றாக இருந்தது.

உன் அம்மா வாசலில் வந்து நின்றார். "மாப்பிள்ள, உள்ள யாரு கூட வாசிக்கிறது?"

"யாருமில்ல அத்த. நான் ஒருத்தன்தான்."

"எனக்கு என்ன காது அவிஞ்சா போச்சு? ரெண்டு பேரு சத்தம் கேக்குது."

உள்ளே வந்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். நான் பெடலைக் காட்டியதும், "இந்த டப்பாவா? இத என் மக ஊருக்குப் போன அன்னிக்கே வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, பொரித்த மாவு உருண்டையும் பீன்ஸும் வைத்துவிட்டுப் போனார்.

நீயும் கேட்டுப் பார். ஒவ்வொரு சத்தமும் எப்படி மணி போல விழுகிறது பார். விரல் நுனி கொஞ்சம் கிழிந்தது. போகட்டும்.

எயுமைப் பற்றி ஏன் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாய்? நம் தெய்தோவில் அவனை மிஞ்சி வாசித்தவன் யார்? இப்போது எந்தக் குழுவில் இருக்கிறான்? என்ன கம்பி போடுகிறான்? கேட்டு எழுது. ஜூலையில் அவனோடு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டும்.

சோதனை ஏப்ரல் 28. கம்பி அதற்கு முன் வந்துவிட வேண்டும்.

உன் லோபே


மோந்த்ரே
4 ஏப்ரல் 1985

அன்புள்ள லோபே,

நலமாக இருக்கிறாயா? அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி? என் சித்தி மகள் குவேதி லீவு முடிந்து ஊர் திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தோடு அம்மாவுக்கு மாத்திரையும் உனக்கு இரண்டு சட்டையும் கம்பியும் கொடுத்தனுப்புகிறேன்.

கேசட் கேட்டேன். நன்றாக இருக்கிறது. பக்கத்து அறைப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து ஆடினாள். எந்த ரெக்கார்டு என்று கேட்டாள். நான் மறுபடி மறுபடி போட்டு உன்னைத் தேடினேன். இங்கே ரேடியோவைத் திருப்பினால் வரும் எல்லோரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். உன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பாக நினைக்காதே, எனக்குக் காது மந்தமாகியிருக்கலாம்.

கம்பி நல்ல கம்பி. வருடக்கணக்கில் உழைக்கும், விரலைக் கிழிக்காது என்று கடைக்காரர் சொன்னார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

எனங்கா


துவாலா
17 ஏப்ரல் 1985

எனங்கா,

நான் சுகம். நீ சுகமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன்.

குவேதி பொட்டலத்தைக் கொடுத்தாள். சட்டை சரியாக இருக்கிறது. கம்பி உறையைப் பிரித்தேன். நகத்தை ஓட்டினேன். ஊமை. நான்கும் ஊமை. பட்டைக் கம்பி.

கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். நியாயமாக அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குவேதி பாவம், உனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "அய்யோ, அவரத் திட்டாதீங்க மாமா. அவரு ரெண்டு செட்டையும்தான் எடுத்துப் போட்டாரு. அக்காதான் ஒவ்வொண்ணையும் நகத்தால கீறிக் கீறிப் பாத்துச்சு. பாத்துட்டு ரொம்ப நேரம் சும்மா நின்னுச்சு. அப்புறம் இதத்தான் குடுங்கன்னுச்சு."

அப்படியென்றால் நீ தெரிந்தே வாங்கியிருக்கிறாய்.

நான் யோசித்துப் பார்த்தேன். சொரசொரக் கம்பி அனுப்பினால் நான் வருவேன். பட்டைக் கம்பி அனுப்பினால் வர மாட்டேன். இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் ஏன்? அங்கே யாராவது இருக்கிறானா? இருந்தால் ஒரு வரி எழுது. நான் கூச்சல் போட மாட்டேன். போடுவேன், ஆனால் இங்கே போடுவேன், உனக்குக் கேட்காது.

சோதனைக்குப் பதினொரு நாள் இருக்கிறது. நீ சுகமா?

லோபே


மோந்த்ரே
9 மே 1985

அன்புள்ள லோபே,

நான் சுகம். இல்லத்தில் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வேலை அதிகம், அதனால் பதில் தாமதம். இங்கே குளிர் விட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

கடையில் அன்று கூட்டம். ஏதோ நினைவில் எடுத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை. என்னிடம் அதைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது?

சோதனை என்ன ஆயிற்று?

எனங்கா


துவாலா
21 மே 1985

எனங்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். கடையில் கூட்டம் என்று எழுதியிருக்கிறாய், அதை நம்பவில்லை.

சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டாயே, சொல்கிறேன். பொட்டலம் பிரித்த பிறகு நான்கு நாள் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு பழைய கம்பிகளைத் தேடினேன். கூரையில் ஓட்டை அடைக்க வைத்திருந்த தகரத்துக்குப் பின்னால் ஒரு செட் சொரசொரக் கம்பி கிடைத்தது. கன்னங்கரேலென்று, வியர்வையும் மீன் கொழுப்பும் ஏறி, தட்டினால் 'தொப்' என்றது. அதைக் கழுவி எழுப்ப வேண்டியவள் பாரிசில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். சரி என்று நானே அடுப்பு மூட்டினேன்.

வினிகர் எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாது, பாட்டிலையே கவிழ்த்தேன். சட்டியில் ஒட்டியிருந்த பனை எண்ணெயை நான் பார்க்கவே இல்லை. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, என்ன கொழம்பு இது?"

"கம்பிக் கொழம்பு அத்த."

"என் மக அங்க வெள்ளக்காரனுக்குச் சோறூட்டுறா. இங்க புருசன் இரும்ப வேகவச்சுத் திங்கிறான்." என்னைத் தள்ளிவிட்டு அவரே சட்டியைக் கழுவி, சுடுதண்ணீர் வைத்துக் கம்பிகளை மறுபடி கொதிக்கவிட்டுத் துணியால் ஒற்றித் துடைத்துத் தந்தார். உன் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

கொதிக்கவைத்த கம்பிக்கு ஆயுசு மூன்று நான்கு நாள்தான், உனக்குத் தெரியும். சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாட்டினேன். பஞ்சைப் பிடுங்கினேன். திபோகோவின் பெடலை அழுத்தினேன். மின்னியது எனங்கா, ஆற்று மீன் வெயிலில் துள்ளுகிற மாதிரி! நான் வாசித்து முடித்ததும் திபோகோ பக்கத்தில் வந்து கிட்டாரை மோந்து பார்த்தார். "இதென்னடா, கிட்டாருல ந்தோலே வாசன வருது? எனக்குப் பசிக்குது. சரி, நீதான் வர்ற. ஆனா ஒண்ணு. போன தடவ போன குழுவுல பாதிப் பேரு அங்கேயே கம்பி நீட்டிட்டானுங்க. நீயும் பொண்டாட்டிய பாத்ததும் அப்படிப் பண்ணுன, உன் கிட்டார அடுப்புல வச்சிருவேன்."

ஜூலை 6 வருகிறோம்.

அதற்குப் பிறகு உன் பட்டைக் கம்பியை மாட்டினேன். பஞ்சைத் திரும்பச் செருகினேன். பெடல் இல்லை, ஒன்றும் இல்லை. நீ முதலில் கேட்ட கேசட்டை இப்போது அனுப்புகிறேன். சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு வாசித்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நான் வருவது வேண்டாம் என்றால் இப்போதே எழுது. வந்து வாசித்துவிட்டு, உன் தெருப்பக்கம் வராமலே திரும்பிவிடுவேன். அதைச் செய்ய என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

லோபே


மோந்த்ரே
4 ஜூன் 1985

என் லோபே,

கேசட் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். முதல் சத்தம் விழுந்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. இதில் நீ இருக்கிறாய். கட்டை விரலை வைத்த இடம் கூடத் தெரிகிறது. அழுதேன், நன்றாக அழுதேன், பிறகு சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இனி மறைத்துப் பயனில்லை. எயும் எந்தக் குழுவிலும் இல்லை. சந்தையில் பழப் பெட்டி இறக்குகிறான். மூன்று வருடம் முன்பு கச்சேரிக்கு வந்தவன், விசா முடிந்தும் திரும்பவில்லை. காகிதம் இல்லாதவனை எந்த ஸ்டூடியோ வாசலில் நிற்க விடும்? கிட்டார் எங்கே என்று கேட்டேன். "அது போயிருச்சு எனங்கா" என்றான். குளிரில் வெடித்த கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். "லோபேகிட்ட சொல்லாத. நல்லா இருக்கேன்னு எழுது" என்று கெஞ்சினான். அதனால்தான் அப்படி எழுதினேன். அவன் வாசித்தால் நம் தெருவில் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வருவார்கள். இங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை, 'ஏய் பெட்டி' என்கிறார்கள்.

நீ வந்தால் திரும்பிப் போக மாட்டாய். என்னைப் பார்த்ததும் தங்கிவிடுவாய். தங்கு என்று நானும் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். ஒரு வருடத்தில் நீ எயும் ஆகிவிடுவாய். அதைச் செய்தவள் நானாக இருப்பேன். கடையில் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கம்பி பேசியது, ஒன்று பேசவில்லை. பேசாததை வாங்கினேன். வாங்கிய அன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

இப்போது நீ உன் கையாலேயே கொதிக்கவைத்து ஜெயித்துவிட்டாய். வா. சொரசொரக் கம்பி ஒரு செட் வாங்கி வைத்துவிட்டேன், கச்சேரிக்குப் புதிதாகவே மாட்டலாம். ஆனால் எனக்கு ஒரு சத்தியம் வேண்டும். குழு திரும்பும் விமானத்தில் நீயும் ஏற வேண்டும். நான் அழுதாலும் ஏற வேண்டும். இரு என்று சொன்னாலும் ஏற வேண்டும். என் காகிதம் வந்ததும் நானே அங்கே வருகிறேன். எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வருவேன். எழுத்தில் சத்தியம் செய்து அனுப்பு.

உன் எனங்கா


துவாலா
16 ஜூன் 1985

என் எனங்காவுக்கு,

கடிதம் வந்த நாள் முழுக்க எயுமைப் பற்றியே நினைத்தேன். என் முதல் கிட்டாரில் எந்தக் கம்பியை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டியவன் அவன். ஜூலையில் அவனைப் பார்ப்பேன். எதுவும் தெரியாதவன் போலவே இருப்பேன், நீ பயப்படாதே.

யாரோ ஒருவன் இருக்கிறானா என்று கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு. உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் எனக்குச் சோறு வரவில்லை.

சத்தியம். வூரி ஆற்றின் மேல் ஆணை, அதன் அடியில் இருக்கிற தண்ணீர்த் தெய்வங்கள் மேலும் ஆணை. குழு ஏறும் விமானத்தில் நானும் ஏறுவேன். நீ அழுதாலும், இரு என்றாலும், காலைப் பிடித்து இழுத்தாலும் ஏறுவேன். போதுமா?

இலையில் சுற்றி அவித்த மரவள்ளி மியோந்தோவும் காய்ந்த இறாலும் கொண்டு வருகிறேன். விமானத்தில் பக்கத்து சீட்காரன் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும். முழங்காலுக்கு உன் அம்மா ஏதோ எண்ணெய் காய்ச்சுகிறார், அதுவும் வருகிறது. எண்ணெயும் இறாலும் கலக்காமல் இருந்தால் சரி.

இன்னும் இருபது நாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் லோபே


மோந்த்ரே
23 ஜூலை 1985

லோபே,

பத்திரமாக இறங்கியிருப்பாய். அம்மாவின் புது மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும், சொல்ல மறந்துவிட்டேன். நான் சுகம். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கச்சேரி எப்படி இருந்தது என்று இரண்டு தடவை கேட்டாய். "நல்லா இருந்துச்சு, சாப்புடு" என்றேன். இப்போது சொல்கிறேன். முதலில் வந்த பாட்டுகளுக்கெல்லாம் கூட்டம் குதித்தது. நான் வாங்கித் தந்த கம்பி மின்னியது, அந்த நீலப் பெட்டி அதை இரண்டாக்கியது. நீ கண்ணுக்குத் தெரிந்தாய், காதுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அந்த மெதுவான பாட்டு. நீ காலால் பெடலை அணைத்தாய். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் முடியும் இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு கட்டை விரலால் வாசித்தாய். அதே புதுக் கம்பி, அதே ஸ்பீக்கர். ஆனால் நம் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சத்தம்! நான் பட்டைக் கம்பி அனுப்பிக் காப்பாற்ற நினைத்தது எல்லாம் உன் உள்ளங்கையிலேயே இருந்திருக்கிறது. எயும் என் பக்கத்தில் நின்றான். அவனுடைய கைகள் பைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டன. விரல்கள் உன்னோடு சேர்ந்து சும்மா காற்றில் வாசித்துக்கொண்டிருந்தன. அவனுக்கே அது தெரியவில்லை.

அந்தக் கை பெட்டி தூக்கினால் கெட்டுவிடுமா, கெடாதா? எயுமைப் பார்த்தால் கெடும் என்று தோன்றுகிறது. அவன் விரல்களைப் பார்த்தால் கெடாது என்று தோன்றுகிறது. விமான நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ என் முழங்காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அங்கே திபோகோ தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "ட்ரம்காரனக் காணோம். பாடுறவனையும் காணோம். படுபாவிங்களா!" என்று கத்தினார். உன்னைப் பார்த்து, "லோபே, நான் உன்னத்தாண்டா மொதல்ல சந்தேகப்பட்டேன். நீ ஒருத்தன்தான் மனுசன்" என்றார். நீ சிரித்தாய். எனக்கு அவர் வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது.

நீ தோள்பையின் வாரை இறுக்கினாய். அவிழ்த்தாய். மறுபடி இறுக்கினாய். என்னைப் பார்த்தாய். நான் உன் காலரைச் சரிசெய்துவிட்டு, "போயிட்டு வா, நேரமாச்சு" என்றேன். வாயில் வேறு சொல்தான் இருந்தது, லோபே. சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், ஆற்றின் மேல் ஆணையிட்டிருக்கிறாய் என்று விழுங்கிவிட்டேன்.

நீ சத்தியத்தைக் காப்பாற்றுகிற ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தில் எதைக் காப்பாற்றினாய்? பியரைத் தொட மாட்டேன் என்றாய். மெத்தையில் கத்தி வைக்க மாட்டேன் என்றாய். கூரையை மாற்றுகிறேன் என்று எத்தனை மழைக்கு முன்னால் சொன்னாய்? எல்லாவற்றையும் உடைத்தவன் இதையும் உடைப்பாய் என்றுதானே நான் தைரியமாகக் கேட்டு வாங்கினேன்!

உள்ளே போன பிறகும் நான் போகவில்லை. இதோ ஓடி வருவாய், பையை விட்டுவிட்டாவது வருவாய் என்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். துடைப்பத்தோடு வந்த பெண் என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு காவலர் வந்து, "விமானம் போயிடுச்சும்மா" என்றார்.

சரியாகத்தான் செய்தாய். நான் கேட்டதைத்தான் செய்தாய். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

அடுத்த தடவை நான் போ என்று சொன்னால் போகாதே.

உன் எனங்கா